ஜீப்ரா ஃபிஞ்ச் பறவைகளில் மிகை முட்டையிடல்

மிகை முட்டையிடல் என்பது, கூண்டில் வளர்க்கப்படும் பெண் பறவை போதிய ஓய்வின்றி அடுத்தடுத்து ஈடுகளாக முட்டையிடுவதையோ, ஒரே ஈட்டில் தன் இனத்துக்கு வழக்கமான எண்ணிக்கையைக் கடந்து முட்டையிட்டுக்கொண்டே இருப்பதையோ குறிக்கும். செல்லப் பறவைகளாக வளர்க்கப்படும் ஃபிஞ்ச் இனங்களுள் ஜீப்ரா ஃபிஞ்ச் பறவையில் இது பெரிதும் காணப்படுகிறது. இது தனியொரு நோய் அன்று. பறவையின் உடல் இனப்பெருக்கத்துக்குரிய நிலையிலேயே தொடர்ந்து தூண்டப்படுவதன் விளைவு ஆகும். கால்சியம் குறைபாடு, முட்டை அடைப்பு, எலும்பு மெலிவு ஆகியவற்றுக்கு இது வழிவகுத்து, பெண் பறவையின் இறப்புக்கும் காரணமாகலாம்.

இப்பறவையின் தாயகத்தில் மழை பொய்க்கும்போது இனப்பெருக்கம் தானே நின்றுவிடுகிறது. தீவனமும் நீரும் வெளிச்சமும் கூடும் ஆண்டு முழுவதும் குறைவின்றிக் கிடைக்கும் கூண்டில் அவ்வாறு நிறுத்தும் காரணி எதுவும் இல்லை. எனவே ஓய்வுக் காலத்தை ஏற்படுத்தித் தரும் பொறுப்பு வளர்ப்பவரைச் சார்ந்ததாகிறது.

பெயரும் வகைப்பாடும்

வளர்ப்புப் பறவை வணிகத்தில் ‘ஃபிஞ்ச்’ என விற்கப்படும் பறவைகளுள் பெரும்பாலானவை உண்மையான ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஜீப்ரா ஃபிஞ்ச், பெங்காலீஸ் ஃபிஞ்ச், கூல்டியன் ஃபிஞ்ச், சாவகச் சிட்டு ஆகிய நான்கும் எஸ்ட்ரில்டிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழகத்திலும் இலங்கையிலும் காணப்படும் சில்லைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே ஆகும்.

ஜீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது. இதன் நெருங்கிய உறவினம் ஒன்று இந்தோனேசியாவின் சிறு சுண்டாத் தீவுகளிலும் திமோரிலும் வாழ்கிறது. இப்பறவை சுமார் 10 செ.மீ. நீளமும் சுமார் 12 கிராம் எடையும் உடையது. ஆண் பறவைக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் நிறத் திட்டும், தொண்டையில் கருப்பு வெள்ளை வரிகளும், விலாப்புறத்தில் வெண்புள்ளிகளுடன் கூடிய செம்பழுப்பு நிறமும் உண்டு. பெண் பறவைக்கு இவை இல்லை. முழுவெள்ளை நிறமாக வளர்த்தெடுக்கப்பட்ட வகைகளில் அலகின் நிறமே பாலை அறிய உதவுகிறது. ஆணின் அலகு நல்ல சிவப்பாகவும், பெண்ணின் அலகு ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும்.

19ஆம் நூற்றாண்டில் இப்பறவைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கூண்டுகளில் பெருக்கப்பட்டன. ஆஸ்திரேலியா 1960ஆம் ஆண்டில் தன் நாட்டுப் பறவைகளின் வணிக ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று உலகெங்கும் விற்கப்படுபவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றின் வழித்தோன்றல்கள் ஆகும். கூண்டில் எளிதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த பறவைகளின் வழியே இப்பரம்பரை நீண்டு வந்துள்ளதால், விரைந்து இனப்பெருக்கம் செய்யும் இயல்பும் உடன் வலுப்பெற்று வந்துள்ளது. கூண்டில் எளிதில் பெருகுவதாலும், ஆண் குஞ்சு தன் தந்தையிடமிருந்து பாடலைக் கற்பதாலும் அறிவியல் ஆய்வகங்களில் இப்பறவை பெருமளவில் வளர்க்கப்படுகிறது. கோழிக்கு அடுத்தபடியாக மரபணுத் தொகுதி முழுமையாக ஆராயப்பட்ட பறவை இதுவே ஆகும். அந்த ஆய்வு 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இயற்கை வாழிடத்தில் இனப்பெருக்கம்

மிதவெப்ப நாடுகளின் பறவைகள் பல, பகற்பொழுது நீளும் இளவேனிற் காலத்தில் மட்டும் இனப்பெருக்கம் செய்கின்றன. மற்ற மாதங்களில் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கிவிடும். நடு ஆஸ்திரேலியாவில் மழை நாட்காட்டியைப் பின்பற்றுவதில்லை. சில ஆண்டுகளில் பெருமழை பெய்யும். சில வேளைகளில் மாதக்கணக்கில் மழையே இராது. இத்தகைய நிலத்தில் குறித்த பருவத்துக்காகக் காத்திருக்கும் பறவை, நல்ல வாய்ப்பை இழந்துவிடும். ஆகவே ஜீப்ரா ஃபிஞ்ச் இனப்பெருக்க உறுப்புகளை முற்றிலும் சுருங்கவிடாமல் ஏறத்தாழ ஆயத்த நிலையில் வைத்திருக்கிறது. சூழல் சாதகமானதும் சில நாட்களிலேயே முட்டையிடத் தொடங்குகிறது. இவ்வியல்பைச் ‘சந்தர்ப்பவாத இனப்பெருக்கம்’ எனப் பறவையியலாளர் வழங்குவர்.

செருமானிய ஆய்வாளர் கிளவுஸ் இம்மெல்மான் 1960களில் வெளியிட்ட ஆய்வுகளில் மழைக்கும் இப்பறவையின் இனப்பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பை வலியுறுத்தினார். பின்னர் நெடுங்காலம் இப்பறவையை ஆராய்ந்த ஆஸ்திரேலிய அறிஞர் ரிச்சர்டு சான், 1996ஆம் ஆண்டில் இவ்வினம் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். மழையைக் காட்டிலும், மழைக்குப் பின் விளையும் புல் விதைகளே இனப்பெருக்கத்துக்கு அடிப்படை என்பதை அவருடைய ஆய்வுகள் தெளிவுபடுத்தின. குஞ்சுகளுக்கு ஊட்டப்படும் முதன்மை உணவு பால் பிடித்த, முற்றாத புல் விதை ஆகும்.

மழை நின்று புல் காய்ந்ததும் விதைகள் குறைகின்றன. நீர்நிலைகள் வற்றுகின்றன. பறவைகள் கூட்டமாக இடம்பெயர்கின்றன. முட்டையிடலும் நின்றுவிடுகிறது. பல மாதங்கள் நீடிக்கக்கூடிய இந்த வறட்சியே பெண் பறவை இழந்த கால்சியத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் மீட்டுக்கொள்ளும் காலமாக அமைகிறது.

முட்டை உருவாகும் முறை

பெரும்பாலான பறவைகளைப் போலவே பெண் ஜீப்ரா ஃபிஞ்ச் பறவையிலும் இடப்புறச் சூலகம் மட்டுமே செயற்படுகிறது. ஒளி, உணவு, இணையின் பாட்டு, கூடு ஆகியவை பற்றிய உணர்வுகள் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதியைச் சென்றடைகின்றன. அங்கிருந்து வெளிப்படும் ஹார்மோன் (இயக்குநீர்) பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுகிறது. அச்சுரப்பியின் ஹார்மோன்கள் சூலகத்தைத் தூண்டுகின்றன. சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதத்தையும் கொழுப்பையும் கல்லீரல் உற்பத்தி செய்யுமாறு செய்கிறது.

ஒரு மஞ்சள் கரு முழு அளவை எட்டுவதற்கு நான்கு அல்லது ஐந்து நாட்கள் ஆகும். அதன் பின் அது முட்டைக்குழாயினுள் நுழைந்து, ஏறத்தாழ ஒரு நாளில் வெண்கருவையும் ஓட்டையும் பெறுகிறது. நாளுக்கு ஒன்றாகக் காலை வேளையில் முட்டைகள் இடப்படுகின்றன. வழக்கமான ஓர் ஈட்டில் 4 முதல் 6 முட்டைகள் இருக்கும். அடைகாக்கும் காலம் ஏறத்தாழ 12 முதல் 14 நாட்கள் ஆகும். ஆண், பெண் இரண்டும் மாறிமாறி அடைகாக்கும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறும்.

ஒரு முட்டையின் எடை சுமார் 1 கிராம் ஆகும். சுமார் 12 கிராம் எடையுள்ள பறவை ஐந்து நாட்களில் ஐந்து முட்டைகள் இடுமாயின், தன் உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை அது முட்டையாக வெளியேற்றிவிடுகிறது. முட்டையோட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டால் ஆனது. உணவிலிருந்து கிடைக்கும் கால்சியம் போதாதபோது எலும்பிலிருந்து அது எடுக்கப்படுகிறது. இத்துணைச் சிறிய பறவையின் எலும்பில் இருக்கும் சேமிப்பு மிகக் குறைவானதே.

எத்தனை முட்டைகளுடன் ஈடு நிறைவுறும் என்பதை முட்டைகளின் தொடுகை தீர்மானிக்கிறது. கூட்டில் சேர்ந்த முட்டைகள் பறவையின் வயிற்றில் படும்போது அவ்வுணர்வு மூளையை அடைந்து, சூலகத்தில் புதிய மஞ்சள் கருக்கள் வளர்வது தடைப்படுகிறது. அடைகாத்தலோடு தொடர்புடைய புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் அளவு உயர்கிறது. முட்டைகள் கூட்டிலிருந்து அகற்றப்பட்டால் இந்தத் தடை ஏற்படுவதில்லை. பறவை மேலும் முட்டையிடுகிறது. நாட்டுக்கோழி வளர்ப்போர் முட்டைகளை எடுத்துவிட்டு அடை முட்டையாக ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் வழக்கமும் இதே இயல்பைப் பயன்படுத்துவதாகும்.

கூண்டில் உள்ள தூண்டல்கள்

கூண்டில் இனப்பெருக்கத்தைத் தூண்டும் காரணிகள் பின்வருமாறு:

ஒளி: ஜீப்ரா ஃபிஞ்ச் பகற்பொழுதின் நீளத்தை மட்டும் சார்ந்து இனப்பெருக்கம் செய்வதில்லை. எனினும் நீண்ட வெளிச்சம் பறவை உண்ணும் நேரத்தையும் ஆண் பாடும் நேரத்தையும் கூட்டுவதால் தூண்டலாக அமைகிறது. சென்னையில் இயற்கையான பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பதினொன்றரை மணிக்கும் 13 மணிக்கும் இடைப்பட்டதாகும். இரவு 11 மணி வரை விளக்கெரியும் கூடத்தில் உள்ள கூண்டுக்கோ 17 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கிறது.

உணவு: வேகவைத்த முட்டை, முளைகட்டிய அல்லது ஊறவைத்த தானியம், பச்சைப் புற்கதிர், கீரை ஆகியவை மழைக்குப் பிந்திய செழிப்பை ஒத்தவை. இவை நாள்தோறும் வழங்கப்படும்போது குஞ்சு வளர்ப்புக்கு ஏற்ற காலம் நீடிப்பதாகப் பறவையின் உடல் கொள்கிறது.

நீர்: நாள்தோறும் குளியல் நீர் வைத்தலும் நீர் தெளித்தலும் மழையை நினைவூட்டும் தூண்டல்கள் ஆகும்.

கூடும் கூட்டுப் பொருட்களும்: மண் கலயம், மரப்பெட்டி, பிரம்புக் கூடை ஆகியவை வலிமையான தூண்டல்கள். தேங்காய் நார், உலர்ந்த புல், காகிதத் துண்டு, பஞ்சு ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் ஆண் பறவை கூடு கட்டத் தொடங்கிவிடும். கூடு இல்லாதபோது தீவனக் கிண்ணத்திலோ கூண்டின் மூலையிலோ முட்டையிடும் பறவைகளும் உண்டு.

இணை: ஆணின் பாட்டும் ஆட்டமும் பெண்ணைத் தூண்டுகின்றன. ஆண் இல்லாத கூண்டிலும் முட்டையிடல் நிகழும். அம்முட்டைகள் கருவுறாதவை ஆயினும், அவற்றை உருவாக்குவதற்குப் பெண்ணின் உடல் இழக்கும் சத்து கருவுற்ற முட்டைக்கு நிகரானதே ஆகும்.

உடல்நலப் பாதிப்புகள்

ஒரே ஈட்டில் ஏழு, எட்டு எனத் தொடர்ந்து முட்டையிடுதல், ஓராண்டில் மூன்றுக்கு மேற்பட்ட ஈடுகள், முந்தைய குஞ்சுகள் தாமாக உண்ணத் தொடங்குமுன் புதிய ஈடு, ஓடு மெல்லியதாகவோ தோல்போலவோ உள்ள முட்டைகள் ஆகியவை மிகை முட்டையிடலின் அடையாளங்கள் ஆகும்.

இதனால் ஏற்படும் முதன்மையான பாதிப்பு கால்சியம் குறைபாடு ஆகும். தசைகள் சுருங்குவதற்குக் கால்சியம் தேவை. அது குறையும்போது முட்டைக்குழாயின் தசை வலுவிழந்து, முட்டையை வெளியே தள்ள இயலாமல் போகிறது. இதுவே முட்டை அடைப்பு எனப்படும். கடும் முக்கலின்போது முட்டைக்குழாய் பொதுக்கழிவாய் வழியே வெளித்தள்ளப்படுவதும் உண்டு. மஞ்சள் கரு முட்டைக்குழாயினுள் செல்லாமல் வயிற்றறையில் விழுந்தால் அழற்சியும் தொற்றும் ஏற்படும். எலும்புகள் மெலிந்து எளிதில் முறிதல், இறகு உதிர்தல், மார்புத் தசை வற்றி மார்பெலும்பு கூர்மையாகப் புடைத்தல் ஆகியவை நாட்பட்ட நிலையில் காணப்படும்.

தினை, சாமை போன்ற தானியங்களில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. வெறும் தானியத்தை மட்டும் உண்ணும் பறவைக்கு ஆபத்து கூடுதல் ஆகும். மேலும், உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி3 தேவை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களின் உதவியால் பறவையின் உடலில் இது உருவாகிறது. கண்ணாடிச் சன்னல் வழியே வரும் வெயிலில் அதற்குரிய கதிர்கள் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடுவதால், அவ்வெயில் இதற்குப் பயன்படுவதில்லை.

கட்டுப்படுத்தும் முறைகள்

தூண்டல்களுள் ஒன்றை மட்டும் நீக்குவதால் பயன் குறைவு. அனைத்தையும் உரிய வரிசையில் குறைப்பதே பயனளிக்கும் முறையாகும். தூண்டல்கள் நீக்கப்பட்ட பின்னரும், சூலகத்தில் ஏற்கெனவே வளரத் தொடங்கிய மஞ்சள் கருக்கள் முட்டைகளாக வெளிவருவதற்குச் சில நாட்கள் ஆகும். எனவே முதல் வாரத்தில் முட்டைகள் தொடர்வதைக் கொண்டு முறை தவறிவிட்டதாகக் கருதுதல் பொருந்தாது.

போலி முட்டைகள்

குஞ்சுகள் வேண்டாதவர்கள் முட்டைகளை அன்றன்றே எடுத்து எறிவது பரவலான வழக்கமாகும். இது நன்னோக்கத்துடன் செய்யப்படினும் மேலே கூறப்பட்ட காரணத்தால் எதிர்மாறான விளைவையே தருகிறது. வயிற்றில் படுவதற்கு முட்டை இல்லாததால் பறவை ஈட்டை நிறைவு செய்ய முயன்றுகொண்டே இருக்கும். குஞ்சு பொரிப்பதைத் தடுக்கும் இச்செயலால் முட்டையிடல் தடுக்கப்படுவதில்லை, மிகுவிக்கப்படுகிறது.

இதற்கு மாற்றாக, இடப்படும் ஒவ்வொரு முட்டையையும் எடுத்துவிட்டு, அதே அளவுள்ள நெகிழி அல்லது களிமண் முட்டையை அவ்விடத்தில் வைப்பர். போலி முட்டைகள் கிடைக்காதபோது, புதிதாக இடப்பட்ட முட்டையை நீரில் கொதிக்க வைத்து, நன்கு ஆறிய பின் கூட்டில் திரும்ப வைக்கலாம். அடைகாத்தல் தொடங்கிக் கரு வளர்ந்த பின் இவ்வாறு செய்வது தவிர்க்கப்படுகிறது. பறவை இம்முட்டைகளின் மீது அமர்ந்து அடைகாக்கும் இரண்டு மூன்று வாரங்களும் முட்டையிடாத ஓய்வுக் காலமாகின்றன. பின்னர் அது தானே அடையைக் கைவிடும்.

கூட்டை அகற்றும் காலம்

முட்டையிட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் கூட்டை அகற்றினால், உருவான முட்டைகளைப் பறவை கூண்டின் தரையில் இடும்; அல்லது வேறோர் இடத்தில் புதிய கூடு கட்டிப் புதிய ஈட்டைத் தொடங்கும். ஆகவே போலி முட்டைகளை அது கைவிட்ட பின்னரே கூடும் முட்டைகளும் ஒருசேர அகற்றப்பட வேண்டும். அந்நாளிலேயே நார், காகிதம், புல் ஆகியவற்றையும் எடுத்துவிட வேண்டும். கூண்டின் தரையில் விரிக்கப்படும் தாள், பறவையின் அலகுக்கு எட்டாதபடி கம்பித் தட்டுக்குக் கீழே இருத்தல் நலம். கிண்ணங்களில் ஆழம் குறைந்தவற்றைப் பயன்படுத்துவது, அவற்றைக் கூடாக மாற்றிக்கொள்வதைத் தடுக்கும்.

ஜீப்ரா ஃபிஞ்ச் உறங்குவதற்கும் கூட்டைப் பயன்படுத்தும் பறவையாகும். எனினும் குளிர் மிகாத இடங்களில் கூடின்றிக் குச்சியின் மீதே அது நலமாக உறங்கும்.

உணவும் ஒளியும்

ஓய்வுக் காலத்தில் முட்டை உணவும் முளைகட்டிய தானியமும் நிறுத்தப்பட்டு, உலர்ந்த தானியக் கலவை மட்டும் வழங்கப்படும். கீரையைச் சிறிதளவாக, வாரத்துக்கு ஓரிரு முறை கொடுப்பது போதுமானது. கடுமையாக மெலிந்த பறவைக்கு உணவைக் குறைக்கும் முன் மருத்துவரின் அறிவுரை தேவை.

உணவைக் குறைப்பதற்கும் கால்சியத்தைக் குறைப்பதற்கும் வேறுபாடு உண்டு. கணவாய் ஓடு (கடல்நுரை) அல்லது சுத்தம் செய்து நன்கு சூடாக்கிப் பொடித்த கோழிமுட்டை ஓடு எப்பொழுதும் கூண்டில் இருத்தல் வேண்டும். கால்சியம் கிடைப்பதால் முட்டையிடல் தூண்டப்படுவதில்லை. அது கிடைக்காவிட்டால் முட்டையிடும் பறவை தன் எலும்பை இழக்கிறது.

குடிநீரைக் குறைத்தல் எந்நிலையிலும் கூடாது. நீர்க் குறைவு இவ்வினத்தின் இனப்பெருக்க உறுப்புகளைச் சுருக்கும் என்பது ஆய்வகங்களில் கண்டறியப்பட்ட உண்மையாயினும், வீட்டில் கையாளத்தக்க முறை அன்று. குளியல் நீரை நாள்தோறும் வைப்பதற்குப் பதிலாக வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைக்கலாம். வெளிச்சம் 10 முதல் 11 மணி நேரத்துக்கு மிகாதபடி, மாலையில் கூண்டை அமைதியான இருண்ட அறைக்கு மாற்றலாம். அல்லது காற்றோட்டம் தடைப்படாத துணியால் மூடலாம்.

ஆண், பெண் பிரித்தல்

மற்ற முறைகள் பயன் தராதபோது ஆண், பெண் பறவைகள் தனித்தனிக் கூண்டுகளில் வைக்கப்படுகின்றன. இப்பறவை கூட்டமாக வாழும் இயல்புடையது. நெடுநாள் நிலைக்கும் இணைப் பிணைப்பை உடையது. தனிமை இதற்குப் பெருந்துன்பமாகும். எனவே பிரிக்கப்படும் ஒவ்வொரு பறவைக்கும் தன் பாலைச் சேர்ந்த துணையேனும் இருத்தல் வேண்டும். ஆணின் பாட்டொலி கேட்கும் தொலைவில் உள்ள பெண்ணுக்குத் தூண்டல் முற்றிலும் நீங்குவதில்லை. ஆகையால் பிரித்த பின்னரும் கூடு, உணவு, ஒளி பற்றிய கட்டுப்பாடுகள் தொடர வேண்டும்.

பெண் பறவையின் உடலில் விந்தணுக்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும். பிரித்த பின் இடப்படும் முதற்சில முட்டைகள் கருவுற்றவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

முட்டை அடைப்பும் முதலுதவியும்

முட்டை அடைப்பு உடனடிக் கவனம் தேவைப்படும் நிலையாகும். இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் அமர்ந்திருத்தல், மீண்டும் மீண்டும் முக்குதல், வயிற்றின் அடிப்பகுதி வீங்குதல், மூச்சுக்கேற்ப வால் மேலும் கீழும் அசைதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். முட்டை நரம்புகளை அழுத்துவதால் கால்கள் செயலிழந்ததுபோல் தோன்றுவதுண்டு. சிறிய உடலில் சேமித்த ஆற்றல் விரைவில் தீர்ந்துவிடுவதால், சில மணி நேரத்திலேயே நிலை மோசமடையலாம்.

மருத்துவரிடம் கொண்டுசெல்லும் வரை பறவையைச் சிறு பெட்டியில் தனியாக வைத்து, ஏறத்தாழ 30 பாகை செல்சியசு வெப்பத்தில் ஈரப்பதத்துடன் வைத்திருத்தல் முதலுதவியாகும். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வெப்பமூட்டினால், வெப்பம் மிகும்போது பறவை மறுபக்கம் நகர இயலும். வயிற்றை அழுத்தி முட்டையை வெளியேற்ற முயல்வது முட்டையை உடலினுள்ளேயே உடைத்து, உயிருக்கு ஊறு விளைவிக்கும். எண்ணெய் பூசுதல் அடைப்பை நீக்குவதில்லை. இறகுகளைப் பாழாக்கி உடல் வெப்பத்தை இழக்கச் செய்கிறது.

மருத்துவச் சிகிச்சை

பறவை மருத்துவத்தில் பயிற்சியுள்ள கால்நடை மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தின் மூலம் முட்டையின் இருப்பிடத்தை அறிவார். கால்சியம் ஊசி, நீரேற்றம், முட்டைக்குழாயைச் சுருங்கச் செய்யும் மருந்துகள் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. இவை பலனளிக்காதபோது முட்டையின் உள்ளீட்டை ஊசியால் உறிஞ்சியெடுத்து ஓட்டைச் சுருக்கும் முறையும் உண்டு.

திரும்பத் திரும்ப முட்டையிடும் பறவைகளுக்கு லியூப்ரோலைடு ஊசி, டெஸ்லோரெலின் தோலடிப் பதியம் ஆகியவை கொடுக்கப்படுகின்றன. இவை பிட்யூட்டரிச் சுரப்பி சூலகத்தைத் தூண்டுவதைத் தற்காலிகமாக நிறுத்துகின்றன. மருந்தின் விளைவு நீங்கியதும் முட்டையிடல் திரும்பக்கூடும் என்பதால், சூழல் மாற்றங்களுக்கு இம்மருந்துகள் மாற்றாவதில்லை. முட்டைக்குழாயை அகற்றும் அறுவைச் சிகிச்சை பெரிய கிளிகளில் செய்யப்படுவதாயினும், 12 கிராம் எடையுள்ள பறவைக்கு அது பேரிடர் மிக்கதாகும்.

பிற ஃபிஞ்ச் வகைகள்

பெங்காலீஸ் ஃபிஞ்ச், வெண்முதுகுச் சில்லையிலிருந்து தோன்றிய வீட்டு வளர்ப்புப் பறவையாகும். சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பறவைகளே இதன் முன்னோர். இதன் காட்டு மூதினமான வெண்முதுகுச் சில்லை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. பெங்காலீஸ் ஃபிஞ்ச் பிற இனங்களின் முட்டைகளையும் அடைகாத்து வளர்க்கும் இயல்புடையது. ஆண், பெண் தோற்றத்தில் ஒத்திருப்பதால் பாடுவதைக் கொண்டே ஆண் அடையாளம் காணப்படுகிறது. இதனால் இவ்வினத்தில் பால் பிரித்தல் கடினம். போலி முட்டை வைத்தலும் கூட்டை அகற்றலும் இதற்கு ஏற்றவை.

வடக்கு ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட கூல்டியன் ஃபிஞ்ச், மழைக்காலமும் வறட்சிக் காலமும் ஆண்டுதோறும் தவறாமல் மாறிவரும் நிலத்தின் பறவை. எனவே இதன் இனப்பெருக்கம் பருவத்தைச் சார்ந்தது. இதில் இடைவிடாத முட்டையிடல் அரிது. ஆயினும் முட்டை அடைப்பு ஏற்படுவதுண்டு.

குஞ்சுகளின் பெருக்கம்

முட்டைகளைக் குஞ்சு பொரிக்க விட்டுவிடுவதால் இச்சிக்கல் தீர்வதில்லை. ஓர் இணை ஆண்டுக்கு மூன்று ஈடுகளில் நான்கு குஞ்சுகள் வீதம் வளர்த்தாலும் 12 பறவைகள் சேர்கின்றன. குஞ்சுகள் ஏறத்தாழ மூன்று மாதங்களிலேயே இனப்பெருக்க முதிர்ச்சி அடைகின்றன. பிரிக்கப்படாத உடன்பிறப்புகள் தமக்குள் இணைசேர்வதால் வலுவற்ற குஞ்சுகள் தோன்றுகின்றன. முதிர்ச்சியடைந்ததும் முட்டையிடத் தொடங்கும் இளம் பெண் பறவைகளே முட்டை அடைப்புக்கு எளிதில் ஆளாகின்றன. இதனால் வளர்ச்சி முழுமையடைந்து ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும் வரை பெண் பறவைக்குக் கூடு வைக்கப்படுவதில்லை. குஞ்சுகளை விரும்பி வளர்ப்போரும் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று ஈடுகளுடன் நிறுத்தி, எஞ்சிய மாதங்களை ஓய்வுக்கு விடுவது பொறுப்பான வழக்கமாகக் கருதப்படுகிறது.

பெருகிய பறவைகளை வெளியில் பறக்கவிடுதல் தீர்வாகாது. கூண்டில் பிறந்து கிண்ணத்தில் உண்டு பழகிய பறவை, இரை தேடவும் பகைக்குத் தப்பவும் அறியாமல் பெரும்பாலும் விரைவில் இறந்துவிடும். தப்பிப் பிழைப்பவை அயலினமாகப் பரவி உள்ளூர்ப் பறவைகளுக்கு நோயைக் கொண்டுசெல்லும் வாய்ப்பும் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உள்நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். ஜீப்ரா ஃபிஞ்ச் அயல்நாட்டு இனமாதலால் வளர்ப்புக்காக விற்கப்படுகிறது.

முட்டை இடப்பட்ட நாட்களையும், ஈடு ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும், கூடு அகற்றப்பட்ட நாளையும் குறித்துவைப்பது வளர்ப்பவர்க்குப் பயன்படும். ஈடுகளுக்கு இடைப்பட்ட ஓய்வு குறைந்துவருவதை அக்குறிப்பு முன்னதாகவே காட்டிவிடும். நல்ல பராமரிப்பில் இப்பறவை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. தொடர்ந்து முட்டையிடும் பெண் பறவை அந்த வயதை எட்டுவது அரிது.